வாசகர் கேள்விகள்: கழுவிய காரை எந்தத் துண்டால் துடைப்பது?

போன மாதம் காரை வீட்டிலேயே கழுவுவது பற்றி, இரண்டு வாளி, ஷாம்பு, ஓஸ் பைப் என்று விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசியில் ‘சுத்தமான மைக்ரோஃபைபர் துண்டால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எந்தத் துண்டு, என்ன கனம், எப்படித் துவைப்பது, ஆன்லைனில் போட்டிருப்பதை நம்பலாமா? எல்லாமே நியாயமான கேள்விகள். காரில் விழும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவைதான், அதனால் அதை ஒரு வரியில் கடந்திருக்கக் கூடாது. இந்த மாதப் பக்கம் முழுவதையும் துண்டுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: சார், கறுப்பு கார் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் நானே கழுவி, ஈரிழைத் துண்டால் துடைக்கிறேன். இதற்கென்றே புதிதாக வாங்கிய துண்டு, மெத்தென்றுதான் இருக்கும். போன வாரம் ராத்திரி பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினபோது பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கோடு. துண்டால் வந்ததா? மைக்ரோஃபைபருக்கு மாறினால் சரியாகுமா? (திருநெல்வேலியில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: துண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் கோடு போட்டது துண்டுக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மண். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தூசு காரில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், முக்கியமாகக் கதவின் கீழ்ப்பாதியிலும் டிக்கிப் பக்கத்திலும். ஈரிழைத் துண்டு தட்டையான நெசவு, அந்தத் தூசு உள்ளே போய் ஒதுங்க அதில் இடமே கிடையாது. அது துண்டின் மேலேயே நிற்கும். நீங்கள் கையை வைத்து அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். துண்டு உடம்புக்கு மெத்தென்று இருக்கிறது என்பதால் பெயின்டுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

காரின் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு எல்லாம் அதுதான். அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம்கூடத் தேறாது. அதில்தான் அந்தக் கோடுகள் எல்லாம் விழுகின்றன. வெள்ளைக் காரிலும் விழும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்புறம், நீங்கள் வட்டமாகத் தேய்த்ததால்தான் வட்டமாக விழுந்தது என்று நினைக்க வேண்டாம். கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக விழுந்தவை மட்டும் மின்னுவதால் வலை பின்னின மாதிரி தெரிகிறது. நேராகவே துடைத்தாலும் மண் இருந்தால் கோடு உண்டு.

மைக்ரோஃபைபருக்கு மாறுங்கள். விழுந்த கோடு அதனால் போகாது, அதற்குப் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் என்பது அந்தக் கிளியர் கோட்டையே சில மைக்ரான் அளவு சீவி எடுப்பது, ஆகவே வருடா வருடம் செய்கிற வேலை கிடையாது. இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் நல்ல துண்டு.

நான் இதைப் பாடமாகக் கற்றது சில வருடங்களுக்கு முன்னால். ஒரு வாட்டர் வாஷ் கடையில் காரை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பையன் ஒரே துணியால் நாலு சக்கரத்தையும் துடைத்தான், துணியை வாளியில் ஒரு முக்கு முக்கினான், பிழிந்தான், நேராக வந்து பானெட்டில் வைத்தான். நான் எழுந்து போய்ச் சொல்வதற்குள் பாதி பானெட் முடிந்துவிட்டது. பிரேக்கில் இருந்து உதிர்ந்த இரும்புத் தூள், ரோட்டு மண் எல்லாம் அந்தத் துணியில். அந்தக் கோடுகளில் ஆழமான இரண்டு இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன, வெயில் சாயும்போது தெரியும். துணி நல்ல மைக்ரோஃபைபர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அப்படி என்ன இருக்கிறது மைக்ரோஃபைபரில்? பாலியெஸ்டர்தானே? பாலியெஸ்டர் சட்டை வியர்வையைக்கூட உறிஞ்சாதே! (ஈரோடு)

பதில்: ஜவுளி ஊரில் இருந்து வந்த கேள்வி, நெத்தியடி. நீங்கள் சொல்வது சரி, பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கி ஊறும். மைக்ரோஃபைபரில் தண்ணீர் தங்குவது இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கிற சந்தில். அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே சங்கதி. சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக இழுக்கும்.

ஒரு டெனியருக்கும் மெல்லிய இழையைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். அதாவது 9 கிலோமீட்டர் நீளத்துக்கு இழையை எடுத்துத் தராசில் வைத்தாலும் 1 கிராம் வராது. நல்ல துண்டில் இந்த இழை இன்னும் பிளந்திருக்கும். பாலியெஸ்டரையும் நைலானையும் சேர்த்து ஒரே இழையாக வார்த்துப் பிறகு பிரிப்பார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாத்துக்குடியை நறுக்கின மாதிரி இருக்கும், சுளைகள் பாலியெஸ்டர், நடுவே ஓடும் தோல் நைலான். பிரிந்ததும் சுளைகள் தனித்தனியாகி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சந்து கிடைக்கிறது. தண்ணீரும் அங்கேதான் போகிறது, தூசும் பெயின்டை விட்டு விலகி அந்த இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

பிளக்காத இழையிலும் ‘மைக்ரோஃபைபர்’ என்று அச்சடித்து விற்கிறார்கள், தொட்டால் பட்டு மாதிரி வழுக்கும், தண்ணீரை எடுக்காமல் தள்ளிக்கொண்டே போகும். கண்டுபிடிப்பது சுலபம். காய்ந்த கையால் துண்டை மெதுவாகத் தடவுங்கள். பிளந்த இழை உள்ளங்கையின் சொரசொரப்பிலும் நகத்து ஓரத்திலும் சுருக் சுருக்கென்று மாட்டும், சிலருக்கு அந்த உணர்வே பிடிக்காது. அப்படி மாட்டினால் நல்ல துண்டு. இன்னொரு சோதனை: தரை டைல்ஸில் இரண்டு ஸ்பூன் தண்ணீரை ஊற்றித் துண்டை அதன் மேல் அழுத்தாமல் மெதுவாக இழுங்கள். போன வழியில் தரை காய்ந்திருக்க வேண்டும். முத்து முத்தாகத் தண்ணீர் மிச்சம் நின்றால் ஒரு தடவை துவைத்துவிட்டு மறுபடி பாருங்கள், புதுத் துண்டில் ஆலையில் போட்ட பூச்சு கொஞ்சம் இருக்கும். துவைத்தும் அப்படியே என்றால் அது சமையல் மேடைக்குத்தான்.

அட்டையில் 80/20, 70/30 என்று போட்டிருப்பது பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் உள்ள விகிதம். நைலான் கூடினால் கொஞ்சம் மிருது கூடும், கொஞ்சம் ஈரம் அதிகம் எடுக்கும், விலையும் ஏறும். 80/20 தாராளமாகப் போதும். ‘100 சதவீதம் பாலியெஸ்டர்’ என்று இருந்தால் தண்ணீர் எடுக்க வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் 400 ஜிஎஸ்எம், 800, 1200, 1400 என்று போட்டிருக்கிறார்கள். 1200 என்று வாங்கினேன், கையில் எடுத்தால் 500க்கு மேல் இருக்கும் என்று தோன்றவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கோயம்புத்தூர்)

பதில்: சமையலறையில் மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். துண்டின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள், எடையை அதால் வகுங்கள். 60க்கு 40 சென்டிமீட்டர் துண்டு என்றால் 0.6 பெருக்கல் 0.4, ஆக 0.24 சதுர மீட்டர். அது உண்மையிலேயே 1200 ஜிஎஸ்எம் என்றால் 288 கிராம் இருக்க வேண்டும். 120 கிராம்தான் காட்டுகிறது என்றால் உங்கள் கை சொன்னது சரி, துண்டு 500 ஜிஎஸ்எம்தான். எடையோடு படம் எடுத்து அனுப்பித் திருப்பிக் கொடுங்கள். ஓரத்துக்குத் தைத்த பட்டையால் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அது பரவாயில்லை. பாதிக்குப் பாதி குறைந்தால் அது முன்னே பின்னே இல்லை.

சரி, எவ்வளவு வேண்டும்? இங்கேதான் நிறையப் பேர் எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். ஈரம் எடுக்கிற பெரிய துண்டுக்கு 600 முதல் 1000 வரை எதுவும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் தண்ணீர் அதிகம் பிடிக்கும், உண்மைதான், ஆனால் பிடித்த தண்ணீரை நீங்கள் தூக்க வேண்டுமே! 60க்கு 90 சென்டிமீட்டரில் 800 ஜிஎஸ்எம் துண்டு காய்ந்திருக்கும்போது 432 கிராம். தண்ணீரைக் குடிக்கக் குடிக்க இன்னும் கனத்துக்கொண்டே போகும். அதே அளவில் 1400 என்றால் காயும்போதே முக்கால் கிலோ. ஈரமானதும் தூக்கிக் காரின் மேற்கூரைக்கு வீசிப் பாருங்கள், தோள் சொல்லும். மழைக்காலத்தில் அது காய இரண்டு நாள் எடுக்கும், அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும்.

என் கணக்கு இது: சின்னக் காருக்கு 60க்கு 90இல் 600 முதல் 800 ஜிஎஸ்எம் வரை ஒன்று. பெரிய காருக்கு அதே மாதிரி இரண்டு, ஒரே ராட்சசத் துண்டு வேண்டாம். இதோடு 40க்கு 40இல் 300, 350 ஜிஎஸ்எம் துண்டு ஒரு நாலைந்து, கைப்பிடி, கண்ணாடி, கதவு இடுக்குக்கு. மொத்தச் செலவு ஒரு சில வாட்டர் வாஷ் காசுக்குள் அடங்கும்.

கேள்வி: கட்டம் கட்டமாக இருப்பது, பூந்துவாலை மாதிரி முடி இருப்பது, கயிறு கயிறாக முறுக்கினது என்று மூன்று ரகம் காட்டினார் கடைக்காரர். எது? (வேலூர்)

பதில்: கயிறு கயிறாக முறுக்கின ரகம். பெரிய துண்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அந்த முறுக்குகள் ஒவ்வொன்றும் தனியாகத் தொங்குவதால் பரப்பு அதிகம், தண்ணீரைச் சட்டென்று இழுக்கும், நனைந்த பிறகும் பெயின்டில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்காது. நீளமாக முடி வைத்த பூந்துவாலை ரகம் தூசை ஒதுக்க ரொம்ப நல்லது, ஆனால் நனைந்ததும் கனமாகி இழுக்க வராமல் அடம் பிடிக்கும். கட்டம் போட்ட ரகத்தில் மேடு பள்ளம் இருந்தாலும் அது தட்டை நெசவுதான், கண்ணாடிக்கு அருமையாக இருக்கும், கோடு தெரியாமல் துடைக்கலாம். கார் கண்ணாடிக்கு அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெயின்டுக்கு வேண்டாம்.

எந்த ரகமானாலும் ஓரத்தைப் பாருங்கள். நைலான் நூலால் அடர்த்தியாக ஓவர்லாக் அடித்திருந்தால் அந்த ஓரம்தான் கோடு போடும். ஓரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், அறுக்கிற மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். மிருதுவான பட்டை வைத்துத் தைத்ததோ, தையலே இல்லாமல் வெட்டினதோ நல்லது. மூலையில் தைத்திருக்கும் கம்பெனி லேபிளை வீட்டுக்கு வந்ததும் அடியோடு கத்தரித்து எடுங்கள். பழைய சிடி ஏதாவது பெட்டியில் கிடந்தால் அதன் பின்பக்கத்தில் துண்டின் ஓரத்தை வைத்துப் பத்துத் தடவை தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சிடி காரின் பெயின்டைவிட மிருதுவான பொருள், அதில் கோடு விழாத துண்டைத் தைரியமாகக் காரில் வைக்கலாம்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர்தான், உப்பு. நல்ல மைக்ரோஃபைபர் துண்டு வாங்கியும் காரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது, பக்கெட்டில் படியுமே அதே மாதிரி. மறுபடி தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது. துண்டு சரியில்லையா? (சென்னை, மேடவாக்கம்)

பதில்: தம்பி, தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அது உப்பு, காய்ந்து கெட்டியாகிவிட்டது. தேய்த்தால் அதுவே கோடு போடும்.

ஆர்ஓ மெக்கானிக் தண்ணீரில் ஒரு பேனா மாதிரி மீட்டரை விட்டுக் காட்டுவாரே, டிடிஎஸ் என்று, அந்த எண்ணை வைத்துப் பாருங்கள். 1000 என்று வந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க வற்றும்போது ஏறக்குறைய 1 கிராம் உப்பு மிஞ்சும் என்று அர்த்தம். குடிக்கும் தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்று வைத்திருக்கிறார்கள். நம் போர் தண்ணீர் பல இடங்களில் அதையும் தாண்டும். காரின் மேல் அரை லிட்டர் தண்ணீர் முத்து முத்தாக நின்று காய்ந்தாலே போதும், அவ்வளவு உப்பும் பெயின்டிலேயே தங்கிவிடும். நல்ல தண்ணீர் வருகிற ஊரில் துண்டு என்பது வசதி. உங்கள் ஊரில் துண்டு அவசியம், அதுவும் வேகமாகக் குடிக்கிற துண்டு, ஏனென்றால் வெயில் ஏறிவிட்டால் பானெட்டில் இருக்கும் துளி காய இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகாது.

அதனால் நேரத்தை மாற்றுங்கள். காலை ஆறரைக்கு ஆரம்பியுங்கள், அல்லது வெயில் இறங்கி பானெட்டில் கை வைத்தால் சூடே இல்லை என்கிறபோது. கடைசி அலசலை ஓஸ் முனையில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயால் மேற்கூரையில் இருந்து மெதுவாக வழிய விடுங்கள். தண்ணீர் போர்வை மாதிரி ஒன்றாகச் சரிந்து இறங்கும்போது தன்னோடு துளிகளையும் கூட்டிக்கொண்டு போகும், துண்டுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முடிந்தால் அந்தக் கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மெட்ரோ தண்ணீர் இருந்தால் அது. இல்லாவிட்டால் ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீர். ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் குழாய்க்கு அடியில் வைத்த வாளியில் சில லிட்டர் சேர்ந்திருக்கும். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர் அது, உப்பே இருக்காது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். நிறையப் பேர் ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியே போகிற தண்ணீரைச் சேர்த்துவைத்துக் கார் கழுவுகிறார்கள், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் சேர்ந்து போரைவிட மோசமாக இருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துண்டைப் பிடிப்பது. இரண்டு மூலையையும் இரண்டு கையால் பிடித்து, பாய் விரிக்கிற மாதிரி மேற்கூரையில் வீசி விரியுங்கள். இரண்டு மூன்று விநாடி அப்படியே கிடக்கட்டும். பிறகு அதே இரண்டு மூலையையும் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். கை துண்டின் மேல் படவே கூடாது, துண்டின் சொந்தக் கனம் போதும். இழுத்த இடம் கண்ணாடி மாதிரி காய்ந்து வரும், ஓரத்தில் மெல்லிய ஈரப்படலம் இருக்கும், அது தானாகவே சில விநாடியில் பறந்துவிடும். மேற்கூரை, முன் கண்ணாடி, பானெட், டிக்கி, அப்புறம் கதவுகள். கதவில் வீச முடியாது, துண்டை நாலாக மடித்து ஒற்றி எடுங்கள், குழந்தை முகத்தை ஒற்றுகிற மாதிரி. கதவின் கீழ் ஒரு சாண் உயரத்துக்கும் பம்பரின் அடிப்பக்கத்துக்கும் இந்தத் துண்டு போகவே கூடாது, அதற்குச் சின்னத் துண்டு தனி. சக்கரத்துக்கு இன்னொன்று, வேறு நிறத்தில்.

முடித்துவிட்டோம் என்று உள்ளே போகாதீர்கள். பக்கக் கண்ணாடியின் கூட்டுக்குள், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட் இடுக்கில், டெயில் லேம்ப் ஓரத்தில் எல்லாம் தண்ணீர் ஒளிந்திருக்கும். அஞ்சு நிமிடம் கழித்து அங்கிருந்து வழிந்து கதவில் ஒரு நீள வெள்ளைக் கோடு போடும். நாலு கதவையும் ஒரு தடவை திறந்து மூடி, சின்னத் துண்டால் அந்த இடங்களை ஒற்றுங்கள்.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு, கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், சூடில்லாத பெயின்டில், சின்னத் துண்டை நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுத்து, நிறையத் தண்ணீரால் அலசிவிடுங்கள். சமீபத்தில் படிந்தது இதில் கரைந்துவிடும். வினிகருக்கும் அசையாமல் பள்ளம் மாதிரி தெரிந்தால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது, அதற்குப் பாலிஷ் போடுகிறவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: சிக்னலில் விற்கிற மஞ்சத் துணி நல்லதா? (திருச்சி)

பதில்: காருக்கு உள்ளே டாஷ்போர்டு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெயின்டுக்கு வேண்டாம். திருப்பூர் பனியன் வேஸ்ட்டும் அப்படித்தான், இன்ஜின் பக்கம், செயின், எண்ணெய்க் கறைக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அதில் எங்கே ஒரு தையல், எங்கே ஒரு பட்டன் துண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் ஒரு அண்ணன் தினமும் விடியற்காலையில் எல்லாக் காரையும் துடைத்துவிடுவார். ஒரு வாளி, ஒரு துணி, இருபது கார். எங்கள் காரிலும் கோடு தெரிகிறது. நிறுத்தச் சொன்னால் அவர் மாத வருமானம் போகும், சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம் சார்? (சென்னையில் இருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, அவரை நிறுத்த வேண்டாம், முறையை மட்டும் மாற்றினால் போதும். அவர் மேல் தப்பில்லை. ஏழு மணிக்குள் இருபது கார் முடிக்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் துடைப்பார்கள். உங்கள் காரைக் கெடுப்பது தினமும் துடைப்பதுதான். ராத்திரி படிந்த காய்ந்த தூசை ஈரத் துணியால் இழுக்கும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு விழுகிறது.

அவரிடம் காசு குறைக்க மாட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் மற்றது காதில் ஏறும். ‘அண்ணே, அதே பணம் தருகிறேன். தினமும் கண்ணாடி மட்டும் துடைத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், உங்களுக்கு எது வசதியோ அன்றைக்கு, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டுக் கழுவி, இந்தத் துண்டால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.’ துண்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒரு மூலையில் உங்கள் வீட்டு எண்ணை மார்க்கரால் எழுதி, மூடி போட்ட டப்பாவில் வைத்து டிக்கியிலோ ஷூ ராக்கிலோ வையுங்கள். ஒரு தடவை பக்கத்தில் நின்று, விரித்து இழுத்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் இப்படி ஒருவர் ஆரம்பித்து வைக்க, அந்தத் துடைக்கிற அண்ணனுக்கே பிடித்துப்போய், வேலை சீக்கிரம் முடிகிறது என்று மற்றவர்களிடமும் துண்டு கேட்டு வாங்கிவிட்டார்.

இறகு மாதிரி இருக்கும் டஸ்டரும் இதே கதைதான். காய்ந்த தூசின் மேல் எதை வைத்து இழுத்தாலும் கோடுதான், அது எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் சரி. மழையில் நனைந்த காரைச் சும்மா துண்டால் துடைப்பதும் வேண்டாம், மழைத் துளியோடு ரோட்டுச் சேறும் தெறித்திருக்கும், ஒரு வாளி தண்ணீராவது ஊற்றிவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி: வாங்கினபோது அருமையாக உறிஞ்சிய துண்டு நாலு மாதத்தில் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. வாஷிங் மெஷினில்தான் போடுகிறேன், வாசனைக்குத் துணி கண்டிஷனரும் விடுகிறேன். (மதுரை)

பதில்: அந்தக் கண்டிஷனர்தான். அது துணியின் இழை மேல் வழுவழுப்பாக ஒரு படலம் பூசுகிறது, அதனால்தான் சட்டை மிருதுவாகிறது. ஈரோடு நண்பருக்குச் சொன்ன அந்தச் சந்துகளை இந்தப் படலம் அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? போதாததற்கு நம் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பும் அதில் படிகிறது, அதுதான் விறைப்பு.

பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு, துண்டை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். பிறகு கொஞ்சமாக லிக்விட் சோப்பு மட்டும் போட்டு இரண்டு தடவை துவைத்து அலசுங்கள். பவுடர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் இழைக்குள் மணல் மாதிரி தங்கும். கண்டிஷனர் இனி எப்போதும் கூடாது, பிளீச்சும் கூடாது. மெஷினில் காரின் துண்டுகளை மட்டும் தனியாகப் போடுங்கள், பருத்தித் துணியோடு சேர்த்தால் அதன் பஞ்செல்லாம் இதில் ஏறி, அடுத்த ஞாயிறு காரில் வெள்ளை வெள்ளையாக ஒட்டும். துவைக்கிற கல்லில் அடிக்காதீர்கள், கல்லில் இருக்கும் மணல் துண்டுக்குள் போகும், அங்கிருந்து கார்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டமாக. மொட்டை மாடி உச்சி வெயில் நைலானைச் சீக்கிரம் கெடுக்கும். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், நைலான் சூட்டில் இளகிவிடும், மெல்லிய இழை நுனிகள் உருகி மொட்டையானால் அவைதான் கோடு போடும். காய்ந்ததும் உதறி, ஜிப் பையிலோ டப்பாவிலோ வையுங்கள். புதுத் துண்டையும் முதல் தடவை காரில் வைக்கும் முன் இப்படி ஒரு முறை துவைத்துவிடுங்கள், சாயமும் உதிரி இழையும் போய்விடும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறேன். கடையில் இனிமேல் துடைக்கவே வேண்டாம், தண்ணீர் தானாக ஓடிவிடும் என்றார்கள். (சேலம்)

பதில்: ஓடும், ஆனால் முழுக்க ஓடாது. மிச்சம் இருப்பது உருண்டை உருண்டையாக நிற்கும், உப்புத் தண்ணீர் என்றால் அந்த உருண்டை ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம் ஆகிவிடும். கோட்டிங்குக்கு மேலேயும் கறை பிடிக்கும். துடையுங்கள், வேலை மட்டும் பாதி நேரத்தில் முடியும்.

கேள்வி: கண்ணாடி துடைக்கிற ரப்பர் வைப்பரால் பானெட்டில் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு துண்டு போடலாமா? சீக்கிரம் முடியுமே. (தஞ்சாவூர்)

பதில்: கண்ணாடியில் மட்டும் செய்யுங்கள். ரப்பருக்கு அடியில் ஒரே ஒரு மணல் மாட்டினால் பானெட்டின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடாக இழுத்துவிடும், துண்டாவது அதைத் தனக்குள் வாங்கியிருக்கும். அவசரம் என்றால் காற்று ஊதுகிற பிளோயர் வைத்திருப்பவர்கள் அதை உபயோகிக்கலாம், பெயின்டில் எதுவுமே படாமல் காய வைக்க அதுதான் வழி, இடுக்குத் தண்ணீருக்கும் நல்லது.

கேள்வி: துண்டு கீழே விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடரலாமா? ஒரு துண்டு எத்தனை நாள் வரும்? (நாகர்கோவில்)

பதில்: தொடரக் கூடாது. தரையில் விழுந்த துண்டை உதறினாலும் மண் போகாது, இழை பிடித்துக்கொள்ளும், அதற்குத்தானே அதை வாங்கினோம். வாளியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள், அதனால்தான் கையில் எப்போதும் ஒன்று கூடுதலாக வேண்டும்.

எத்தனை நாள் என்பது துவைப்பதைப் பொறுத்தது. நாள் கணக்கு பார்க்காதீர்கள், டைல்ஸில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் சோதனையை அவ்வப்போது செய்யுங்கள். வினிகரில் ஊறவைத்தும் தண்ணீர் மிச்சம் நின்றால், அல்லது உள்ளங்கையால் தடவும்போது முள் மாதிரி ஏதாவது குத்தினால், அந்தத் துண்டின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டிவிட்டுச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மூலை வெட்டின துண்டு பானெட் பக்கம் வராது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டால் தவறிக்கூட மாறாது. சக்கரத்தில் இருந்து அது பைக் செயினுக்குப் போகும், கடைசியில் கிரீஸ் துடைக்க.